சர்ச்சையும் விவாதமும் இடம் மாறிய கதை

'சாய் பே சர்ச்சா' என்று 2014 தேர்தலில் மோடி ஒரு பிரச்சாரம் நடத்தினார் அல்லவா? தமிழ்க் காதுக்கு அது டீக்கடைத் தகராறு மாதிரி கேட்கும். இந்தியில் சர்ச்சா என்றால் சும்மா கலந்து பேசுவது. மலையாளம், தெலுங்கு, கன்னடத்திலும் அப்படியே. நம்மிடம் வந்ததும்தான் அது கெட்டுப்போனது. இங்கே சர்ச்சை 'வெடிக்கும்', அதில் நடிகர் யாராவது 'சிக்குவார்'. யாரும் உட்கார்ந்து சர்ச்சை செய்வதில்லை.

இதைவிட வேடிக்கை விவாதம். இந்தியில் விவாத் என்றால் தகராறு, வழக்கு. மலையாளச் செய்தியில் விவாதம் என்றால் நாம் சொல்லும் சர்ச்சை. தமிழிலோ பட்ஜெட் மீதான விவாதம், மானியக் கோரிக்கை விவாதம் என்று அது சட்டமன்றத்தில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சொல்லும் வடமொழிதான். எப்படியோ நாற்காலி மாறிவிட்டன.

நம் டிவிகளில் இரவு நேர 'விவாத' நிகழ்ச்சியைப் பார்த்தால், அதற்கு இந்திப் பொருள்தான் சரி என்று தோன்றுகிறது.

கேரள நண்பரிடம் 'உங்கள் கட்டுரை விவாதத்துக்குரியது' என்று பாராட்டப் போகிறவர்கள் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.