இரண்டு மடிப்பில் நிற்கும் கரு: புதுச்சேரியில் எலிகன்ஸ் ஆர்.என்.ஏ.ஐ செய்த அனுபவம்

எலிகன்ஸ் நூற்புழுவின் உடல்சுவரில் 95 தசைச் செல்கள். அவை ஒவ்வொன்றையும் சவ்வோடு பிடித்து வைப்பவை டென்ஸ் பாடி எனும் முளைகள். முளையைக் கட்டும் ஜீன்கள் இவை: வெளியே பெர்லெகன் புரதத்தைத் தரும் அன்க்-52, சவ்வில் இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதமாகச் சேரும் பாட்-2, பாட்-3, உள்ளே அன்க்-112, பாட்-4, பாட்-6, பிறகு வின்குலின் புரதத்துக்கான டெப்-1. இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கரு இரண்டு மடிப்பு நீளத்தில், அதாவது முட்டை ஓட்டைப்போல் இரு மடங்கு நீண்டு மடிந்த நிலையில், நின்றுவிடும்; இதைத்தான் பாட் கரு என்கிறோம். தசை இழுக்காவிட்டால் கரு நீளாது.

எங்கள் முறை இது: ஒரு ஜீனின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைத் தயாரிக்கும் பாக்டீரியாவைப் புழுவுக்கு ஊட்டி அந்த ஜீனை அடக்குவது (ஆர்.என்.ஏ.ஐ). இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உடைக்கும் என்ஸைம் இல்லாத எச்டி115 பாக்டீரியா, ஜீன் துண்டைச் சுமக்கும் எல்4440 பிளாஸ்மிட், புழு வளர்க்கும் என்ஜிஎம் அகாரில் ஆர்.என்.ஏ. தயாரிப்பைத் தூண்டும் 1 மில்லிமோலார் ஐபிடிஜி, மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் கார்பெனிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக். டெட்ராசைக்ளினைப் பாக்டீரியாவைத் தேர்ந்தெடுக்கும் பிளேட்டோடு நிறுத்துங்கள். புழு மேயும் பிளேட்டில் சேர்த்தால் விளைவு மங்கிவிடும்.

எல்4 எனும் கடைசி இளம்புழுப் பருவத்தில் உள்ள புழுக்களை 20 டிகிரியில் ஒன்றரை நாள் மேயவிட்டு, ஒவ்வொன்றையும் தனிப் பிளேட்டுக்கு மாற்றி, 24 மணி நேரம் முட்டையிட்டதும் தாயை எடுத்துவிடுகிறோம். மறுநாள் எண்ணலாம்.

முதல் பருவத்திலிருந்தே ஊட்டினால் வேகமாக முடியும் என்று தோன்றும். பாட்-3 போன்றவற்றில் அது கைகொடுக்காது. சினைப்பையைச் சுற்றிய தசையுறைக்கும் இதே ஜீன்கள் வேண்டும். அது சுருங்காவிட்டால் தாயே மலடாகிவிடும், எண்ண முட்டையே இருக்காது.

எண்ணும்போது பொறுமை வேண்டும். 1.5 மடிப்பில் சாதாரணக் கரு துடிக்கத் தொடங்கும், இரண்டில் ஓட்டுக்குள் புரளும். பாட் கரு அசையாமல் கிடக்கும், ஆனால் தொண்டைக்குழாய் தெளிவாக உருவாகியிருக்கும். செல் திரளாகவே செத்துக் கிடப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேறு கோளாறு.

புதுச்சேரியில் பிளேட்தான் அதிகம் படுத்துகிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அகார் காயவே மாட்டேன் என்கிறது. ஈரம் நின்றால் புழு சுவரேறிக் காய்ந்து போகும், பூஞ்சையும் வரும். ஊற்றிய பிறகு கூடுதலாக இரண்டு நாள் மூடி வைத்துக் காயவிட்டே பாக்டீரியாவை விதைக்கிறோம். சித்திரை, வைகாசியில் மின்தடை வந்தால் இன்குபேட்டர் வெப்பம் ஏறிவிடும். 25 டிகிரியைத் தாண்டினாலே முட்டை குறையும், பொரியாதவை கூடும். ஒப்பிட, ஜீன் துண்டு இல்லாத வெற்று எல்4440 பிளேட் பக்கத்தில் இல்லாமல் அந்த எண்ணிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

ஒவ்வொரு தொகுதியிலும் அன்க்-22 ஜீனை அடக்கும் பிளேட் ஒன்று கட்டாயம் வையுங்கள். புழுவின் உடம்பு முழுக்க நடுங்கினால் ஊட்டல் வேலை செய்கிறது. நடுங்காவிட்டால் ஜீனைச் சந்தேகிக்கும் முன் ஐபிடிஜியைப் புதிதாகக் கரையுங்கள்.