எம்.இ. ஸ்ட்ரக்சுரல்: லேபில் கழிந்த இரண்டாம் ஆண்டு

எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் படிக்க நினைக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பதெல்லாம் நுழைவுத் தேர்வைப் பற்றித்தான். எவ்வளவு மார்க் வேண்டும், எந்தக் கல்லூரி கிடைக்கும் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே போன பிறகு ஒரு வருடத்தை முழுசாக எடுத்துக்கொள்ளும் புராஜெக்ட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. எனக்கு இந்தப் படிப்பு உருப்படியாக அமைந்ததே அந்தப் புராஜெக்ட்டால்தான். அதனால் நுழைவைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அதற்குப் போகிறேன்.

பி.இ. சிவில் முடித்து, சைட்டில் வேலை பார்த்துக்கொண்டே கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதினேன். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்கு. பொறியியல் கணிதத்துக்கு ஏறக்குறைய 13. வேலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் முதலில் கைக்குள் கொண்டுவந்துவிடுங்கள், பாடத்திட்டம் சின்னது. விடையை எண்ணாகவே உள்ளிடும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றைக்கூட விடாதீர்கள். மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். என்ஐடிகளுக்கு சிசிஎம்டி கலந்தாய்வு, அண்ணா பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் டான்கா கலந்தாய்வு. கேட் இல்லாதவர்கள் முன்பு டான்செட் எழுதினார்கள். 2023 முதல் எம்.இ., எம்.டெக்.குக்கு சீட்டா என்று தனித் தேர்வு வந்துவிட்டது. ஆனாலும் கேட் எழுதுங்கள் என்றே சொல்வேன். அந்த மதிப்பெண்ணோடு ஏஐசிடிஇ அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் பணம் கேட்காமல் படிக்க நினைத்த எனக்கு அது பெரிய விஷயம்.

டான்கா வழியாக ஓர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் ஆண்டு வேகமாக ஓடிவிட்டது: எலாஸ்டிசிட்டி, டைனமிக்ஸ், அப்புறம் கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட். இந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் மென்பொருளை நம்பிக் கடந்துவிடாதீர்கள். ஒரு முக்கோண எலிமென்ட்டுக்கு 6-க்கு 6 ஸ்டிஃப்னெஸ் (விறைப்பு) மேட்ரிக்ஸைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான், திரையில் வரும் வண்ணப் படத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரியும்.

இரண்டாவது செமஸ்டர் முடியும்போதே கைடு மேடத்திடம் போனேன். ஜியோபாலிமர் கான்கிரீட் செய்ய ஆசை என்றேன். உலகில் மனிதர்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் உற்பத்தியால் வருவது. சிமென்டே இல்லாமல், அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் (ஃப்ளை ஆஷ்) இரும்பு ஆலைக் கசடையும் (ஸ்லாக்) காரக் கரைசலால் இறுக வைப்பது ஜியோபாலிமர். மேடம் கேட்டுவிட்டு, "தலைப்பு அப்புறம் இருக்கட்டும். உன் கேள்வியை ஒரே வரியில சொல்லு" என்றார். கட்டுக்கட்டாக ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த பிறகுதான் அந்த வரி கிடைத்தது: ஃப்ளை ஆஷோடு எவ்வளவு ஸ்லாக் சேர்த்தால், ஓவனில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே 40 மெகாபாஸ்கல் அழுத்த வலிமை வரும், கலவையைக் கொட்டி முடிக்கவும் நேரம் இருக்கும்?

இந்தக் கேள்வியில் ஓர் இழுபறி இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து குறைந்த ஃப்ளை ஆஷ் மட்டும் போட்டால் அறை வெப்பத்தில் இறுக வெகுநேரம் ஆகும். 60 டிகிரி போல் சூடு கொடுக்க வேண்டும். ஸ்லாக்கில் கால்சியம் அதிகம் என்பதால் சூடில்லாமலே வலிமை ஏறும். ஆனால் அளவு கூடினால் கலவை மிக்ஸரிலேயே இறுகத் தொடங்கிவிடும். சைட்டில் பம்ப் அடைத்துக்கொண்டு எல்லாரும் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் வலிமையைவிட அந்த நேரக் கணக்குதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

புராஜெக்ட்டின் முதல் கட்டமான ஃபேஸ் 1-இல் பொருள்களைச் சோதிப்பதும் மாதிரிக் கலவைகளும். 10 மோலார் காரக் கரைசல் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் கரைசலுக்கு 400 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில் போட்டதும் பாத்திரம் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். முந்தைய நாளே தயாரித்து ஆறவைக்க வேண்டும். கையுறை, கண்ணாடி இல்லாமல் பக்கத்திலேயே போகக் கூடாது. ஒரு கலவைக்கு 7-ஆம் நாள் உடைத்துப் பார்க்க 3 கியூப் (கனசதுர மாதிரி), 28-ஆம் நாளுக்கு 3 கியூப், கூடவே சிலிண்டர்கள் என்றால் 100 கிலோ அளவுக்குப் பொருள் எடைபோட வேண்டும். 150 மில்லிமீட்டர் கியூப் ஒன்றே 8 கிலோ. லேப் அண்ணன் என்னைச் சாயங்காலத்தில் கலவை போட விட்டதே இல்லை. "காலைல வாம்மா. நாலு மணிக்கு ஆரம்பிச்சா மிக்ஸர யார் கழுவறது?" என்பார். ஸ்லாக் கலவை மிக்ஸரில் காய்ந்துவிட்டால் உளியால்தான் பெயர்க்க முடியும். அவர் சொன்னது அத்தனையும் சரி.

எம்.இ. புராஜெக்ட்டின் அட்டவணையை முடிவுசெய்வது மோல்டுகளின் (கியூப் வார்க்கும் அச்சுகள்) எண்ணிக்கைதான். மோல்டு காலியானால்தான் அடுத்த கலவை. ஒவ்வொரு கலவையின் 28-ஆம் நாளும் எந்தக் கிழமையில் விழுகிறது என்று பார்த்து, பொங்கல் விடுமுறையில் மாட்டாதபடி வார்ப்புத் தேதியைப் பின்னோக்கிக் கணக்கிட்டேன். அவ்வளவு பார்த்தும், ஃபேஸ் 2 நடுவில் கியூபை அழுத்தி உடைக்கும் எங்கள் கம்ப்ரெஷன் மெஷினில் ஆயில் கசிந்து அழுத்தம் ஏறவில்லை. 40 மெகாபாஸ்கலுக்கு 150 மில்லிமீட்டர் கியூப் 900 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதற்கு ஏற்ற மெஷின் பக்கத்தில் இன்னொரு கல்லூரியில்தான் இருந்தது. அனுமதிக் கடிதம் வாங்கி, கியூப்களைச் சாக்கில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனபோது 28-ஆம் நாள் தாண்டிவிட்டது. "எந்த நாள்ல உடைச்சியோ அந்த நாளையே எழுது. 28-னு போடாதே" என்றார் மேடம். அந்தக் கலவைக்கான அட்டவணையில் தனிக் குறிப்பு போட்டேன்.

இன்னொன்று: மூன்று கியூப்களின் சராசரியிலிருந்து எந்த ஒன்றும் 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூல் ஐஎஸ் 456. ஒரு கலவையில் ஒரு கியூப் அப்படி விலகியது. எண்ணைத் திருத்தினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதே கலவையை மறுபடி வார்க்க ஒரு மாதம் போகும். மறுபடி வார்த்தேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பொய் எண்ணை வைத்து நாளைக்கு யாரோ ஒருவர் தூண் கட்டுவார்.

வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்கு வந்த எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்), ஸ்லைடுகளில் அதிக நேரம் நிற்கவில்லை. உடைந்த கியூப்களின் படங்களைக் கேட்டார். "ஏன் நடுவில் மட்டும் ஒடுங்கி, மேலும் கீழும் அகலமாக நிற்கிறது?" மெஷினின் தகடுகள் உராய்வால் மேல் கீழ்ப் பரப்புகளைப் பிடித்துக்கொள்வதால் அங்கே கான்கிரீட் பக்கவாட்டில் விரிய முடியாது, நடுப்பகுதிதான் பிதுங்கி உதிரும் என்றேன். ஒரு பக்கம் மட்டும் பிளந்த படத்தைக் காட்டி, இது எப்படி என்றார். அதுதான் விலகிய கியூப். சுமை நேராக நடுவில் விழாமல் சாய்வாக ஏறியிருக்க வேண்டும் என்று சொல்லி, மறுபடி வார்த்ததன் முடிவைக் காட்டினேன். அடுத்து கேட்டது தனிக் குறிப்பைப் பற்றி. ஆட்டோ கதையைச் சொன்னதும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது இரண்டாவது செமஸ்டரில் இருப்பவர்கள் தலைப்பை எழுதிக் கொடுக்கும் முன் லேபுக்குப் போய் மூன்று விஷயம் பாருங்கள்: நல்ல நிலையில் எத்தனை மோல்டு இருக்கிறது, கம்ப்ரெஷன் மெஷினின் கேலிப்ரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்று எந்த ஆண்டுடையது, உங்களுக்கு முன்னால் யார் யார் வரிசையில் இருக்கிறார்கள். அந்த மெஷின் நின்றால் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது என்பதையும் லேப் அண்ணனிடம் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.