20 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 20 எம்பி அல்ல

"20 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பேக்கேஜ், ஆனால் டவுன்லோட் நொடிக்கு 2.3 எம்பிதான் காட்டுது" என்று மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பலர் கேட்கிறார்கள். அது பழுதில்லை, சரியான வேகம்தான்.

கம்பனிகள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட். ஃபைலின் அளவோ மெகாபைட்டில், அதுதான் எம்பி. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆங்கிலத்தில் எழுதும்போது சின்ன பி பிட்டைக் குறிக்கும், பெரிய பி பைட்டைக் குறிக்கும். குழப்பமே அந்த ஒரு எழுத்தில்தான். 20ஐ 8ஆல் வகுத்தால் 2.5. தரவோடு சேர்ந்து போகும் முகவரித் தகவல்களும் கொஞ்சம் இடம் பிடிக்கும் என்பதால் 2.3 அளவில் நிற்கும். 600 எம்பி பாட வீடியோ இறங்க நாலரை நிமிடம் வரை ஆகும்.

நொடிக்கு 1 எம்பிக்கும் கீழே விழுந்தால்தான் காரணம் தேட வேண்டும். நம் பக்கம் முதல் எதிரி மலை. டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடு இருந்தாலே சிக்னல் மெலிந்துவிடும். அடுத்தது தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரை, அது சிக்னலைத் திருப்பி அடிக்கும். ரவுட்டரை டவர் பக்க ஜன்னலில் வையுங்கள். அதன் அமைப்புப் பக்கத்தில் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 90 நல்லது, மைனஸ் 110க்கும் கீழே போனால் மோசம். ஓரடி நகர்த்தினாலும் எண் மாறும், பொறுமையாகத் தேடுங்கள்.

இரவு 7 முதல் 10 வரை ஒரே டவரை எல்லோரும் பங்கு போடுவார்கள். பெரிய ஃபைலை விடியற்காலையில் இறக்குங்கள்.