என் பெயரில் ஒரு கோப்பு

என் வேலையே சந்தேகப்படுவதுதான். மொரீசியஸில் எபேன் என்ற இடத்தில், கண்ணாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் சைபர் சிட்டியில், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்காகக் கம்பெனிகளைப் பதிவுசெய்து நிர்வகித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் பிரிவில், அதாவது சட்டவிதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருக்கிறேன். யாராவது கம்பெனி தொடங்க வந்தால் நாங்கள் கேட்க ஆரம்பித்துவிடுவோம். பாஸ்போர்ட் நகலுக்கு யார் சான்று கொடுத்தது, முகவரிச் சான்று எந்த மாதத்தது, பணம் எந்த வழியில் வந்தது, நான்கைந்து கம்பெனிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உண்மையான உரிமையாளர் யார், அவருக்கு அரசியல் தொடர்பு உண்டா என்று ஒன்று விடமாட்டோம். எல்லாவற்றையும் சுருட்டினால் ஒரே கேள்விதான்: நீங்கள் சொல்லிக்கொள்ளும் ஆள் நீங்கள்தானா?

பிரிவுக்கே என்னைத் தலைவராக்கியபோது அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பிக்கொண்டது.

கொஞ்சம் பின்கதை. 2020 பிப்ரவரியில் எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பு மொரீசியஸைச் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் ஏற்பாடுகளில் குறை இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்பது அதன் பொருள். 2021 அக்டோபரில்தான் நாடு வெளியே வந்தது. இடைப்பட்ட காலத்தில் எங்கள் துறையில் இருந்தவர்களுக்குப் பழைய கோப்புகளைத் தூசி தட்டி மறுபடி சரிபார்ப்பதே பிழைப்பாகிவிட்டது. தொழிலை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்த நெருக்கடியில்தான். அப்புறம் எங்கள் தலைவர் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போனார், என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

மாமியார் அன்று காத்தோ பிமான் என்ற இந்த ஊர்ப் பருப்பு வடை பொரித்துத் தெருவுக்கே கொடுத்தார். அவர் இங்கேயே பல தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல், தேவாரத்தை மட்டும் ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பிழையில்லாமல் பாடுவார். தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில், "எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாதேம்மா, கண்ணு பட்டுடும்" என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன்: ஏதோ உங்க ஆசீர்வாதம்.

இந்தப் பதிலைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். 1978-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சுசான் இம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றாகப் படித்து நல்ல நிலையில் இருந்த, 150-க்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிய அனுபவத்தில் எழுதியது. அந்தப் பெண்கள் தங்கள் வெற்றிக்கு அதிர்ஷ்டம், நேரம், தேர்வுக்குழுவின் தவறு என்று எதையாவது காரணம் சொன்னார்களே ஒழிய, தங்கள் திறமையைச் சொல்லவில்லை. என்றாவது ஒருநாள் குட்டு உடைந்துவிடும் என்ற பயம் மட்டும் கூடவே இருந்தது. இன்றைக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அவர்கள் இதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. மனநலக் கோளாறுகளின் கையேடான டிஎஸ்எம்-இலும் இது கிடையாது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தப் பெண்கள் தயங்கித் தயங்கி வெளியிட்ட மனக்குறையை நம் வீடுகளில் நல்ல பழக்கமாகச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள். மாநிலத்தில் முதலாவதாக வந்த பிள்ளைகூட "எல்லாம் டீச்சர் புண்ணியம்" என்றுதான் சொல்ல வேண்டும். "நான் படித்தேன், வாங்கினேன்" என்றால் திமிர் பிடித்தது என்பார்கள். அந்தப் பணிவில் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, என் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் ஊருக்குச் சொல்லும் உபசார வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாமே நம்பத் தொடங்கினால்தான் சிக்கல். ஆசீர்வாதத்தில் வந்த பதவி, ஆசீர்வாதம் தீர்ந்தால் போய்விடும் அல்லவா?

என் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த ஊர்ச் சட்டப்படி, இதுபோன்ற பதவிக்கு நிறுவனம் ஆளைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, நிதிச் சேவைகள் ஆணையமும் ஒப்புக்கொள்ள வேண்டும். படிப்பு, அனுபவம், நாணயம், வழக்கு எதுவும் உண்டா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இவர் தகுதியும் பொருத்தமும் உடையவர்தானா என்பதே அவர்கள் ஆராய்வது. அந்த ஒப்புதல் வந்து என் கோப்பில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் இயக்குநர் விஷயத்தில் அப்படி ஒரு காகிதம் கிடைத்தால் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். என் காகிதத்தை மட்டும், "அவர்களுக்கு முழுசாகத் தெரியாது" என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

பயத்துக்கு மொழியும் ஒரு காரணம். இங்கே அலுவலகம் மூன்று மொழியில் நடக்கும். அறிக்கையும் மினிட்ஸும் ஆங்கிலத்தில், விவாதம் பிரெஞ்சில், கேலியும் கிண்டலும் கிரியோலில். நாடாளுமன்றமே கிட்டத்தட்ட இப்படித்தான்: அவையின் அலுவல் மொழி ஆங்கிலம், உறுப்பினர்கள் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். (ரூபாய் நோட்டில் தமிழும் உண்டு என்பதை ஊரிலிருந்து வரும் எல்லோரிடமும் நான் பெருமையாகக் காட்டுவேன். கூட்டத்தில் அது உதவாது.) கிரியோல் எனக்கு வீட்டிலேயே வந்துவிட்டது. பிரெஞ்சில் கேட்டால் புரியும், வேகமாக வாதாட வராது. மேல்மட்டக் கூட்டங்களில் எல்லோரும் பிரெஞ்சில் பாய்ந்து பாய்ந்து பேசும்போது நான் மனத்துக்குள் வாக்கியம் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். நாம் இங்கே இருக்க வேண்டிய ஆளே இல்லை என்ற எண்ணம் அப்போதுதான் நன்றாகத் தலைதூக்கும்.

2021-இல் ருச்சிகா துல்ஷ்யன், ஜோடி-ஆன் பியூரி என்ற இருவர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதினார்கள். பெண்களுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பட்டம் கட்டுவதை நிறுத்துங்கள், அவர்களை அன்னியமாக உணரவைக்கும் அலுவலகத்தைப் பாருங்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அலுவலகம் மாறும்வரை திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க முடியாதே.

எனக்குக் கைகொடுத்தது சொந்தத் தொழில்தான். எங்கள் துறையில் சந்தேகத்துக்கும் ஓர் அளவு உண்டு. எல்லா வாடிக்கையாளரையும் ஒரே மாதிரி துருவக்கூடாது, ஆபத்து எவ்வளவோ அதற்கேற்பத் துருவ வேண்டும் என்பது எஃப்ஏடிஎஃப் விதிகளின் அடிப்படை. ஆபத்து குறைந்தவருக்கு எளிய சோதனை, கூடியவருக்குக் கடுமையான சோதனை. சந்தேகம் என்றால் எதன் மேல் என்று எழுத வேண்டும், எந்த ஆவணம் வந்தால் தீரும் என்றும் எழுத வேண்டும். "ஏதோ சரியில்லை போலத் தோன்றுகிறது" என்று மட்டும் எழுதி ஒரு கோப்பை மாதக்கணக்கில் திறந்தே வைத்திருந்தால், அதை ஜாக்கிரதை என்று யாரும் பாராட்டமாட்டார்கள். வேலை தெரியவில்லை என்பார்கள். என்மேல் நான் வைத்திருந்ததோ அப்படிப்பட்ட கோப்புதான்.

சரி, அதையும் முறையாகப் பார்ப்போம் என்று ஒரு தாள் எடுத்தேன். "எனக்குத் தகுதியில்லை" என்பதை எழுதிப் பார்த்தால் அதற்கு ஆதாரமே சேரவில்லை. எந்த ஆவணம் வந்தால் அந்தச் சந்தேகம் தீரும் என்ற கேள்விக்கும் பதில் இல்லை, ஏற்கெனவே வந்தவற்றைத்தான் நான் ஏற்கவில்லையே. ஆனால் அதன் அடியில் வேறு சில சங்கதிகள் கிடந்தன. பிரெஞ்சில் வாதாட வராது. டிரஸ்ட் கட்டமைப்புகளில் (சொத்தை இன்னொருவர் பொறுப்பில் விட்டு நிர்வகிக்கும் ஏற்பாடுகளில்) அனுபவம் குறைவு. நேற்றுவரை கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் வேலை வாங்கத் தெரியவில்லை. இவையெல்லாம் உண்மை, அதே சமயம் கற்றுக்கொள்ளக்கூடியவை. பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். டிரஸ்ட் கோப்புகளில் மூத்த சகா ஒருவரைக் கூட உட்கார வைத்துக்கொண்டேன். மூன்றாவதற்கு வகுப்பும் இல்லை, வாத்தியாரும் இல்லை, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

தெரியாததையும் தகுதியின்மையையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் பதவி உயர்வு வந்தவர்கள் பெரும்பாலும் செய்வது என்று நினைக்கிறேன். புதிய வேலையில் பாதி தெரியாமல்தான் இருக்கும், தெரிந்த வேலையையே திரும்பச் செய்வதற்குப் பெயர் பதவி உயர்வு இல்லையே. 2020-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றிய 62 ஆய்வுகளை அலசியது. இந்த உணர்வு உள்ளவர்களின் விகிதம் ஆய்வுக்கு ஆய்வு 9 விழுக்காட்டிலிருந்து 82 விழுக்காடு வரை இருந்தது. எதைக் கொண்டு, எங்கே கோடு போட்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இப்படி மாறுகிறது. என்னிடம் இப்படி ஓர் அறிக்கை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனாலும் பக்கத்து மேசைக்காரருக்கும் இது இருக்கலாம் என்பதுவரை நம்பலாம்.

இந்த உணர்வு முழுசாகப் போய்விட்டதா என்றால் இல்லை. நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குச் சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை அனுப்பும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. அந்தத் தயக்கம் இருக்கட்டும், ஒரு மனிதரின் பெயர் அதில் இருக்கிறது. பாராட்டு வரும்போது மட்டும் முன்புபோல் "ஏதோ நடந்துவிட்டது" என்று மழுப்புவதில்லை. நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருக்கப் பழகியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் ஆசீர்வாதம் என்றுதான் சொல்வேன், அது வேறு கணக்கு.

போன மாதம் எங்கள் பிரிவில் ஒரு மூத்த அதிகாரி இடம் காலியானது. பெரிய கோப்புகளைத் தனியாகவே முடிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். விண்ணப்பிக்கச் சொன்னேன். "நான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை மேடம்" என்றாள். எந்த விஷயத்தில் என்று கேட்டேன். முதலில் பொதுவாக எதையோ சொன்னாள். எழுதித் தரச் சொன்னதும் இரண்டே வரி வந்தது: இயக்குநர்கள் குழு முன்னால் பேசப் பயம், சர்வதேசத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலைச் சரிபார்க்கும் புதிய மென்பொருள் பழக்கமில்லை. மென்பொருளுக்கு அடுத்த வாரம் பயிற்சி இருக்கிறது, பெயர் கொடுத்தாயிற்று. அடுத்த காலாண்டு அறிக்கையின் ஒரு பகுதியை குழு முன்னால் அவளே வாசிக்கிறாள். பிரெஞ்சில் என்னைவிட அவள் எவ்வளவோ மேல்.