412ஆவதா வந்தவனுக்கு மெடலா?

போன ஞாயித்துக்கெழம ரேஸ் முடிச்ச கையோட, கழுத்துல இருந்த மெடல கூட கழட்டாம, அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா வழக்கம்போல ஃபோன காதுல வச்சிகினு பேசுறாங்க, எனக்கு அவங்க கம்மலு மட்டும்தான் தெரியுது. நைனா வந்து ஃபோன திருப்பி புடிச்சப்புறம்தான் மூஞ்சி தெரிஞ்சுது. மெடல ஆட்டி காட்டினேன்.

"இன்னாடா அது?"

"ஓட்டப்பந்தயம்மா. பத்து கிலோமீட்டரு."

"எத்தினியாவது வந்த?"

"412."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. நெட்டு கட்டாயிடுச்சோன்னு பாத்தா, அம்மா கண்ணு சிமிட்டுது, யோசிச்சிகினு இருந்திருக்காங்க.

"412ஆவதா வந்தவனுக்கு மெடலா? அப்ப மொதல்ல வந்தவனுக்கு இன்னா, நெலம் எழுதி குடுத்தானா?"

பின்னாடியிருந்து நைனா: "எல்லாருக்கும் குடுத்திருப்பாங்க. அன்னதானம் மாதிரி."

நானும் சேந்துதான் சிரிச்சேன். ஃபோன வச்சப்புறம்தான் சுருக்குன்னுச்சு. மெடல கழட்டி சாவி மாட்டுற ஆணில மாட்டிட்டேன்.

நாங்க இங்க வந்தது 2019ல. வீட்டுக்காரி நர்ஸு, குடியாத்தம் பொண்ணு, இங்கிலாந்துல லீட்ஸ் பக்கத்துல ஒரு சின்ன டவுன்ல ஆஸ்பத்திரி வேலை. நான் அவ கூட ஒட்டிகினு வந்தவன், விசாவுலயே டிபெண்டண்ட்னு போட்டிருப்பான், அந்த வார்த்தைய ரெண்டு வருஷம் பார்க்கவே புடிக்கல. நான் வந்த வருஷமே எங்க ஜில்லாவையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணா பிரிச்சிட்டாங்க. ஊர்ல ராணிப்பேட்டையில ஒரு ஷூ கம்பெனில வேலை பாத்துகினு இருந்தேன், வீட்டுலருந்து பஸ்ல போய்ட்டு வர்ற தூரம், இப்ப அது வேற ஜில்லா. இங்க குடோன்ல நைட் ஷிப்ட். குளிர்காலத்துல சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், இவ டூட்டிக்கு போவா, நான் டூட்டிக்கு போவேன், நடுவுல சோறு. 68 கிலோவுல வந்தவன் 84 ஆயிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் இவதான் சொன்னா, ஏங்க, பார்க்குல சனிக்கெழம சனிக்கெழம எல்லாரும் ஓடுறாங்களாம், காசு கெடையாதாம், போய்த்தான் பாருங்களேன்னு. காசு கெடையாதுன்னு சொன்னா நம்ம ஆளு போகாம இருப்பானா.

பார்க்ரன்னு பேரு. காலைல 9 மணி, 5 கிலோமீட்டர். 2004 அக்டோபர்ல லண்டன் பக்கத்துல புஷி பார்க்ல 13 பேரு ஓடி ஆரம்பிச்சதாம், இப்ப உலகம் பூரா நடக்குது. கொரோனாவுல நிறுத்தி வச்சிருந்தத 2021 ஜூலைல தான் இங்க மறுபடி ஆரம்பிச்சாங்க, நான் ஆகஸ்ட்ல போய் நின்னேன். உனக்குன்னு ஒரு பார்கோடு, அத எடுத்துகினு போகணும், ஓடி முடிச்சதும் கையில ஒரு டோக்கன் குடுப்பாங்க, ரெண்டையும் பீப் பீப்னு ஸ்கேன் பண்ணுவாங்க. ராத்திரி பூரா குடோன்ல நான் அட்டப்பொட்டிய ஸ்கேன் பண்றேன், காலைல என்னை ஸ்கேன் பண்றாங்க.

மொத நாள் மூணாவது கிலோமீட்டர்ல எனக்கு நாக்கு வெளிய வந்துடுச்சு. அப்ப பின்னாடியிருந்து டப்பு டப்புன்னு ஒரு சத்தம், ஒரு பாட்டி, எழுவது வயசு தாண்டியிருக்கும், வெள்ள முடிய குதிரவால் போட்டுகினு என்னைத் தாண்டிப் போவுது. போறப்ப திரும்பி "வெல் டன், லவ்"னுச்சு. நாங்க இருக்கற இந்த யார்க்‌ஷயர்ல எல்லாரையும் லவ்வுன்னுதான் கூப்பிடுவாங்க, பஸ் டிரைவர்ல இருந்து காய் விக்கிறவங்க வரைக்கும், நம்மூர்ல கண்ணு, ராசான்ற மாதிரி. அது பழகிடுச்சு. ஆனா வெல் டன்? நம்மள முந்திகினு போறவங்க நம்மளயே பாராட்டிட்டு போறத நான் வாழ்க்கைல பாத்ததில்ல. கிண்டல்னு தான் நெனச்சேன். ரெண்டு வாரம் அந்தப் பாட்டிய முந்தணும்னே போனேன். முந்தல.

இத ஏன் இவ்ளோ பெருசா சொல்றேன்னா, எங்க ஊர்ல யாரும் சும்மா ஓட மாட்டாங்க. ஓடுனா போலீஸு, இல்லன்னா மிலிட்டரி. கண்ணமங்கலம் போற வழியில கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊரு, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன், அதனால ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க. எங்க ஊரு விரிஞ்சிபுரம் பக்கம், பாலாத்து ஓரம். காலைல நாலரை மணிக்கு பத்து பதினஞ்சு பசங்க ஆத்துல எறங்கிடுவோம். பாலாத்துல தண்ணி இல்லன்னு ஊரே அழுதுகினு இருக்கும், எங்களுக்கு அது கிரவுண்டு. மணல்ல ஓடிப் பழகுனவன் தரையில பறப்பான்னு சொல்லுவாரு எங்க மிலிட்டரி தாத்தா, ரிட்டையர்டு ஹவில்தார், கழுத்துல விசிலு, கையில டார்ச்சு. ஓடி முடிச்சா ராத்திரி ஊற வச்ச கொண்டக்கடல ஒரு கை, பச்ச முட்ட ஒண்ணு, கூழு. ஷூவெல்லாம் கெடையாது, வெறுங்கால்தான். அதுக்கப்புறம் பத்து வருஷம் ஷூ கம்பெனில வெளிநாட்டுக்காரன் காலுக்கு அப்பர், அதான் ஷூவோட மேல்பாகம், தச்சேன். இங்க ஸ்டார்ட்ல நிக்கிறப்ப எல்லாரும் வாட்ச பாப்பாங்க, நான் முன்னாடி நிக்கிறவன் ஷூவுல இஞ்சுக்கு எத்தன தையல்னு பாத்துகினு இருப்பேன்.

போலீஸ் செலக்‌ஷன்ல 1500 மீட்டர, ஏழு நிமிஷத்துல முடிக்கணும். எனக்கு 21 வயசு. ஆத்துல ஆறே முக்கால்ல ஓடிகினு இருந்தவன் தான், அன்னைக்கு மே மாச வெயிலு, எங்க பேட்ச கூப்பிடறப்பவே மணி பதினொண்ணு, வேலூர் வெயிலப் பத்தி சொல்லணுமா, தரை வெறுங்கால பொரிக்குது, கடைசி ரவுண்டுல என் முன்னாடி ஒருத்தன் சுருண்டு விழுந்தான், அவன தாண்டி ஓடுறதா சுத்தி ஓடுறதான்னு ஒரு நொடி தயங்கினேன் பாருங்க, அங்கதான் போச்சு. கோட்டுக்கு பத்து பதினஞ்சு அடி இருக்கறப்ப விசில் ஊதிட்டாங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு நின்னுகினு இருந்தவங்க கயித்த இழுத்து புடிச்சிட்டாங்க. நான் வந்த வேகத்துல அந்த கயிறு நெஞ்சுல வந்து பட்டுது. வலியெல்லாம் இல்ல, தேங்கா நார் கயிறு, லேசா சொரசொரன்னு. பக்கத்துல நின்ன பையன் வாட்ச்ல 7.01.

அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நைனா சோடா வாங்கிக் குடுத்தாரு. ஒண்ணும் கேக்கல. அதுக்கப்புறம் நான் ஓடவே இல்ல, பஸ்ஸுக்கு கூட.

சரி, விஷயத்துக்கு வர்றேன். பார்க்ரன் பழகுனப்புறம் ஊரு ரோட்டுல நடக்கற ரேஸுங்களுக்கு போக ஆரம்பிச்சேன். பக்கத்து கிராமத்துல ஒரு கிளப்பு நடத்தும், எண்ட்ரி ஃபீஸ் கட்டி போனா ஒரு நம்பரும் நாலு ஊக்கும் குடுப்பாங்க, நேரா குத்தறதுக்குள்ள விரல் வெறச்சிடும். மூணு டிகிரி குளிர்ல கருப்பு குப்பை கவர்ல தலைக்கும் கைக்கும் ஓட்ட போட்டு மாட்டிகினு ஒரு கூட்டம் நிக்கும், டாக்டரு, வக்கீலு எல்லாம் குப்பை கவருக்குள்ள. வழி பூரா ஜனங்க. மடக்கு சேர்ல கம்பளி போத்திகினு உக்காந்து மணி அடிக்கிற தாத்தா, ஜெல்லி மிட்டாய் நீட்டுற பொண்ணு, கைய நீட்டிகினு நிக்கிற பொடுசுங்க, அதுங்க கையில தட்டிட்டு போகலன்னா மூஞ்சி சுருங்கிடும். அஞ்சாவது கிலோமீட்டர்லயே "ஆல்மோஸ்ட் தேர்"னு கத்துவாங்க. நம்மூர்ல வழி கேட்டா "தோ, கூப்பிடு தூரம்தான்"னு சொல்லி மூணு மைல் நடக்க வுடுவாங்களே, அதே கதைதான். முடிஞ்சதும் சர்ச் ஹால்ல டீ, கேக்கு, எல்லாம் வீட்டுல செஞ்சது. ரேஸ விட அதுக்குத்தான் போறேன்னு இவ சொல்றா, பொய்யில்ல.

போன வருஷம் ஒருவாட்டி "அம்மா, இன்னிக்கி பி.பி. போட்டேன்"னு சொல்லிட்டேன். இங்க நம்ம பழைய டைம முறியடிச்சா பி.பி.ன்னு சொல்லுவாங்க, பெர்சனல் பெஸ்ட். அம்மாவுக்கு தெரிஞ்ச பி.பி. ஒண்ணுதான். "அய்யய்யோ, உப்ப கொறைடா"ன்னு ஆரம்பிச்சு, இவள கூப்பிட்டு "நர்ஸா இருந்துகினு இன்னாம்மா பாக்கற"ன்னு கேட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல எழுத்து முன்ன பின்ன, தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணுதான், எப்படி புரிய வைக்கிறது.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது வேற. பார்க்ரன்ல டெயில் வாக்கர்னு ஒருத்தர போடுவாங்க, கடைசியா வர்றதுதான் அவர் வேலை. அவரு இருக்கறதால ஓட வந்தவங்கள்ல யாருமே கடைசி கெடையாது. மாசத்துக்கு ஒருவாட்டி வாலண்டியர் பண்ணுவேன், ஒரு சனிக்கெழம எனக்கு அந்த வால் வேலை வந்துச்சு. எனக்கு முன்னாடி ஒரு பெரிய உடம்புக்காரர், முட்டிக்கு பட்ட போட்டிருக்காரு, நடந்து நடந்து வர்றாரு. மழ தூறிகினு இருக்கு. ஒரு மணி நேரம் தாண்டிடுச்சு. நான் மனசுக்குள்ள இந்நேரம் பேக்கப் பண்ணியிருப்பாங்கன்னு நெனைக்கிறேன். வளைவு திரும்பினா, ஆரஞ்சு கூம்பெல்லாம் அப்படியே இருக்கு. ஸ்டாப் வாட்ச் புடிச்சிகினு ஒரு அம்மா நனைஞ்சிகினு நிக்கிறாங்க. பத்து பேரு கை தட்டறாங்க. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் குச்சி நட்டு பிளாஸ்டிக் கயிறு கட்டியிருக்காங்க, கோட்டுக்கு குறுக்கால இல்ல, ஆளு நேரா உள்ள வர்றதுக்கு வழியா. அவரு தாண்டினதுக்கு அப்புறம்தான் அத அவுத்தாங்க. நான்தான் சுருட்டி பையில போட்டேன், ஈரமா இருந்துச்சு.

மொத லண்டன் மாரத்தான் 1981 மார்ச்ல நடந்துச்சு. மொதல்ல வந்த ரெண்டு பேரு, பியர்ட்ஸ்லின்னு ஒரு அமெரிக்காக்காரரு, சிமன்சன்னு ஒரு நார்வேக்காரரு, கைய கோத்துகினு ஒண்ணா கோட்ட தாண்டினாங்க. சர்ச் ஹால்ல ஒருத்தர் இத சொன்னப்ப எனக்கு 1981ன்னதும் நைனா சொல்ற கத ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மல, ராஜா இல்லாத கோட்ட, சாமி இல்லாத கோயிலுன்னு வேலூர கிண்டல் பண்ணுவாங்க இல்ல, அதுல அந்த கடைசி ஒண்ணு 1981 மார்ச்ல பொய்யாயிடுச்சு, சத்துவாச்சாரில இருந்த ஜலகண்டேஸ்வரர் லிங்கத்த கோட்ட கோயிலுக்கே கொண்டாந்துட்டாங்க. அத கேக்குக்கு நடுவுல சொன்னேன். அவரு "லவ்லி"ன்னாரு.

நான் இங்க நல்லா செட்டில் ஆயிட்டேன். நெஜமாத்தான். ஊரு ஞாபகம்லாம் அவ்வளவா வர்றதில்ல. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்தப்ப நண்பன் வீடியோ அனுப்புனான், கர கொள்ளாம செம்மண் கலர்ல தண்ணி, பாலத்து மேல ஜனங்க ஃபோன தூக்கிகினு நிக்கிறாங்க, நாங்க ஓடுன எடத்துல தண்ணி ஓடுது. குடோன்ல ரெண்டு மணி பிரேக்ல அத எத்தன வாட்டி பாத்தேன்னு எனக்கே தெரியாது. அவ்ளோதான், வேற ஒண்ணுமில்ல.

ஜனவரில ஊருக்கு போயிருந்தேன். அஞ்சு மணிக்கு ஷூ மாட்டிகினு சர்வீஸ் ரோட்டுல ஓடுறேன், டீக்கடைக்காரரு வெளிய ஓடியாந்து "இன்னாப்பா ஆச்சு, யாருக்கு ஒடம்பு சரியில்ல? வண்டி எடுக்கட்டா?"ன்றாரு. சும்மா ஓடுறேன்னு சொன்னதும் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு டீ போட போயிட்டாரு.

அப்புறம் ஆத்துல எறங்கினேன். மிலிட்டரி தாத்தா இன்னும் வர்றாரு, கண்ணு சரியா தெரியல, விசில் மட்டும் அதே. ஆறு பசங்க. தாத்தா கயித்தோட ஒரு முனைய என் கையில குடுத்து, நான் விசில் ஊதுனதும் இழுன்னாரு. மறு முனைய ஒரு பொடியன் புடிச்சிகினான். அஞ்சு பேரு வந்துட்டாங்க. ஆறாவது பையன் பத்தடி தள்ளி வர்றான், வாய பொளந்துகினு, விலாவ புடிச்சிகினு. தாத்தா ஊதிட்டாரு. நான் இழுக்கல.

"இன்னாடா, தூங்குறியா?"

"தோ வந்துட்டான் தாத்தா."

"நீ வுட்டா அங்க வுடுவானா?"

பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. பையன் தொங்கிகினு இருந்த கயித்த தாண்டி வந்து மணல்ல விழுந்தான். நான் முனைய கீழ போட்டுட்டு, பழக்க தோஷம், கை தட்டிட்டேன். மத்த அஞ்சு பேரும் திரும்பிப் பாத்தாங்க. விழுந்தவன் தலைய மட்டும் தூக்கி என்னைப் பாத்தான்.

"ண்ணா, கிண்டல் பண்றியா?"