காரைக்கால் மாங்கனி இறைத்தல்: வேண்டுதலோடு போகிறவர்களுக்கு

காரைக்கால் அம்மையாரின் கணவன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பியது இரண்டு மாங்கனி. ஒன்று அடியார் இலைக்குப் போயிற்று, மற்றது கணவன் இலைக்கு. மூன்றாவது, ஈசன் அம்மையின் கையில் தந்தது. நான்காவது, பரமதத்தன் கைக்கு வந்ததுமே மறைந்தது. எந்த மரத்திலும் காய்க்காத அந்தக் கனியை நினைத்துத்தான் ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாடிகளிலிருந்து மாம்பழம் பொழிகிறது.

பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர், பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவபெருமான், காலையிலேயே கைலாசநாதர் கோயிலை விட்டுப் புறப்பட்டுவிடுவார். வாசலுக்கு வாசல் அர்ச்சனை என்பதால் சப்பரம் நகர நேரமாகும். கோயில் வாசலிலேயே முட்டி மோதாமல் பாரதியார் வீதியில் தள்ளி, நிழலுள்ள பக்கம் நிற்பது நல்லது. அர்ச்சனைத் தட்டுக்கு வேண்டிய பழத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். சப்பரம் நெருங்க நெருங்க விலையை ஏற்றி, அடிபட்ட பழத்தைத் தலையில் கட்டுகிறார்கள். அம்மை பேரைச் சொல்லி இப்படிச் செய்வது மனதை அறுக்கிறது.

பிள்ளை வரம் கிடைத்து இறைக்க வருகிறவர்கள் நன்றாகப் பழுத்ததை எடுக்க வேண்டாம். விழுந்ததும் நசுங்கி, சாறு தரையில் பரவி, மிதிக்கிறவர் வழுக்கி விழுகிறார். கனத்த பங்கனப்பள்ளி தலையில் பட்டால் காயம். கைக்கு அடங்கும் நீலம், செங்காய்ப் பதத்தில் இருந்தால் போதும். கையை ஓங்கி வீசாமல், கீழிருந்து மேலாக மெல்லத் தூக்கிப் போட வேண்டும்.

பிள்ளை வரம் வேண்டி அந்தப் பழத்தைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரே வழி: கணவனும் மனைவியுமாக ஒரு துண்டை நான்கு முனையும் பிடித்து, நடுவில் குழிய விட்டு நிற்பது. இழுத்துப் பிடித்தால் பழம் எகிறி அடுத்தவரிடம் போய்விடும். கீழே விழுந்ததற்குக் குனியவே கூடாது, பின்னாலிருந்து கூட்டம் ஏறிவிடும். கழுத்துச் சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காம்பிலிருந்து பால் வடிந்தால் உடனே கழுவுங்கள், தோலில் பட்டால் புண்ணாகும். அடிபட்ட இடம் மறுநாளே கறுத்துவிடும் என்பதால் அன்றிரவே இருவரும் பகிர்ந்து உண்பது உத்தமம். ஒரு பழம் கிடைத்தால் துண்டை மடித்துக்கொண்டு விலகுங்கள். பை நிறையப் பொறுக்குகிறவர்களைப் பார்த்தால், வெறுங்கையோடு நிற்கும் அந்தத் தம்பதிகளின் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

பழம் கிடைத்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். சாயங்காலம் அம்மையார் கோயிலில் அமுது படையல். வீதியெல்லாம் பிச்சை கேட்டு வந்த பெருமானை அம்மை எதிர்கொண்டு அழைக்கிறாள். அன்று சோறு வெந்திருந்தது, கறியமுது ஆகவில்லை. பசியோடு வந்த அடியாரைக் காக்க வைக்க மனமில்லாமல் மாங்கனியைப் பரிமாறினாளே, அதே படையல்! திரை விலகி, தீபம் ஏறி, அன்னத்தின் பக்கத்தில் மஞ்சளாக அந்தக் கனி தெரியும்போது எதைக் கேட்க வந்தோம் என்பதே மறந்துபோகும். அம்மையே! ஈசனே உன்னை அப்படித்தானே அழைத்தான். தாயே, உன் வாசலில் நிற்க வைத்தாயே, அதுவே போதும்.