அனீலிங்குக்கு முன் தடிமன்: பிளாக் கோபாலிமர் திட்டப்பணியில் கற்றுக்கொண்டவை

முதுநிலைத் திட்டப்பணிக்காகப் பாலிஸ்டைரீன், பிஎம்எம்ஏ (பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்) என்ற இரு பாலிமர் சங்கிலிகள் முனைக்கு முனை சம அளவில் இணைந்த பிளாக் கோபாலிமரின் மெல்லிய படலத்தை எடுத்துக்கொண்டபோது, அனீலிங் (படலத்தைச் சூடாக்கிச் சங்கிலிகளை ஒழுங்குபடுத்துதல்) என்றால் சரியான வெப்பநிலையும் போதிய நேரமும்தான் என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வீணாயின. இதே துறையில் திட்டப்பணி தொடங்குபவர்களுக்கு அந்த இழப்பு நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கரைசலைச் சுழலும் தட்டில் பரப்பிப் படலமாக்கும் ஸ்பின் கோட்டிங்கின்போது கரைப்பானான டொலுயீன் சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால், சங்கிலிகள் தமக்குரிய ஒழுங்கை அடையும் முன்பே உறைந்துவிடுகின்றன. அவற்றுக்கு மீண்டும் அசைவைக் கொடுப்பதே வெப்பத்தின் வேலை. ஆகவே, இறுகிய பாலிமர் இளகத் தொடங்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை கீழ் எல்லையாகிறது; பாலிஸ்டைரீனுக்கு அது சுமார் 100 டிகிரி செல்சியஸ், பிஎம்எம்ஏவுக்குப் பெரும்பாலும் அதைவிடச் சற்றுக் கூடுதல். பாலிமர் சிதையத் தொடங்கும் வெப்பநிலை மேல் எல்லை. இவற்றோடு, இரு பகுதிகளும் ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன என்பதைக் காட்டும் இடைவினை அளவுருவைச் சங்கிலி நீளத்தால் பெருக்கினால் கிடைக்கும் மதிப்பு 10.5ஐத் தாண்டினால்தான் சமப் பங்குள்ள கோபாலிமர் அடுக்குகளாகப் பிரியும் என்ற, 1980இல் இயற்பியலாளர் லீப்ளர் தந்த கணிப்பையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

என் முதல் படலத்தை வெற்றிட அடுப்பில் 190 டிகிரியில் இரவு முழுவதும் வைத்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். சிலிக்கான் வேஃபரின் பழுப்புப் பரப்பெங்கும் வேறு சாயலில் வட்டப் புள்ளிகள் தெரிந்தன. தூசி என்று நினைத்துக் கரைசலைத் திரும்பத் திரும்ப வடிகட்டினேன், புள்ளிகள் மறையவில்லை. வழிகாட்டியின் சொற்படி ஒரு புள்ளியின் விளிம்பை ஏஎஃப்எம்மில் (அணுவிசை நுண்ணோக்கியில்) அளந்தபோதுதான் உண்மை புலப்பட்டது: எங்கே அளந்தாலும் படியின் உயரம் ஏறக்குறைய 30 நானோமீட்டர், அதாவது அடுக்கின் ஒரு முழு மீள்நீளம் (அடுக்கமைப்பு ஒரு முறை திரும்ப வரும் தொலைவு). சிலிக்கானின் மேலுள்ள ஆக்சைடு பரப்பைப் பிஎம்எம்ஏவும் காற்றுப் பரப்பைப் பாலிஸ்டைரீனும் நாடுவதால், அடுக்குகள் தரைக்கு இணையாகப் படிகின்றன. அப்போது படலத்தின் தடிமன் மீள்நீளத்தின் ஒன்றரை மடங்கு, இரண்டரை மடங்கு என்றுதான் அமைய முடியும். என் படலமோ 60 நானோமீட்டர், 45க்கும் 75க்கும் சரியாக நடுவில். பொருந்தாத அந்தத் தடிமனே தீவுகளாகவும் குழிகளாகவும் பிரிந்திருந்தது. இதைப் படலம் பரப்பை விட்டு விலகுவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். விலகல் முற்றினால் வெறும் சிலிக்கான் தெரியும், துளையைச் சுற்றி மேடான விளிம்பும் இருக்கும்.

அடுக்குகள் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் இரு பகுதிகளையும் சமமாக ஏற்கும் பரப்பு தேவை; அதற்கு, இரு வகை அலகுகளும் கலந்த சங்கிலிகளைப் பரப்பில் பிணைக்கும் ரேண்டம் கோபாலிமர் பிரஷ் பூச்சு உதவும். காற்றுப் பக்கமும் அவ்வாறே நடுநிலையாக இருக்க வேண்டும். சுமார் 230 டிகிரியில் பாலிஸ்டைரீன், பிஎம்எம்ஏ இரண்டின் பரப்பு இழுவிசையும் கிட்டத்தட்ட சமமாகிவிடுகிறது. “ஏன் அந்த வெப்பநிலை?” என்று வைவாவில் என்னிடம் கேட்டார்கள், கட்டுரைகளில் அப்படி இருந்தது என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பதில் நின்றிருக்காது.

நேரத்தைப் பற்றியும் கேட்பார்கள். அடுக்குகளுக்குப் பதில் உருளைகளாகப் பிரியும் படலங்களில் ஒழுங்கான பகுதியின் அளவு நேரத்தின் நான்காம் மூலத்துக்கு (t^1/4) ஏற்ப வளர்வது காணப்பட்டுள்ளது; அந்தக் கணக்கில் அதை இரட்டிப்பாக்க 16 மடங்கு நேரம் பிடிக்கும் என்பதைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். ஆய்வகத்தில், ஒளியைக் கொண்டு அளக்கும் எலிப்சோமீட்டரில் தடிமனைக் குறித்த பின்னரே மாதிரியை அடுப்பில் வையுங்கள்; அடுப்பு 100 டிகிரிக்கு நன்கு கீழே ஆறும் வரை வெற்றிடத்தை உடைக்காதீர்கள்.